கண்ணாடியில் வந்த மூன்றாவது வண்டி

பாலைவனத்தில் கூட்டமாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சட்டம்தான் முக்கியம். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் பின்வண்டி தெரியவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். அதைப் பார்த்து அதற்கு முன்னால் போவதும் நிற்கும். மஸ்கட்டில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் கீழக்கரை ஜெய்லானி பாய், குளிர்காலம் வந்தால் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ரப் அல் காலி என்னும் பெருமணலைக் கடக்கப் போய்விடுவார். புதிதாகச் சேருகிறவர்களிடம் ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் இந்தச் சட்டத்தைத்தான் ஓதுவார்.

இந்தத் தடவை அந்தச் சட்டத்தில் கொஞ்சம் குசும்பைக் கலந்தார். மொத்தம் மூன்று ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள். முதல் வண்டியில் அவரும் அமலன் என்ற தூத்துக்குடிப் பையனும். இரண்டாவதில் மங்கையர்க்கரசி தனியாக. மூன்றாவதில் சொக்கலிங்கம் தனியாக.

"பின்னாடி வர்றவன் உங்க பொறுப்பு தங்கச்சி. புடிக்குதோ புடிக்கலையோ, வழி பூரா அவன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. சொக்கன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவள் மஸ்கட்டில் பள்ளிக்கூட டீச்சர், அவன் சோஹார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஒரே சாலையில் போய்வரும் தூரம்தான். ஆனாலும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

மதுரையில் அம்மா இறந்தபோது விடுமுறைக்குப் போயிருந்த மங்கைதான் பக்கத்தில் இருந்தாள். சொக்கன் ஏறிய விமானம் புயலால் வேறு ஏதோ ஊரில் இறங்கி நின்றுவிட்டது. மகன் வந்து கொள்ளி வைக்கட்டும், ஐஸ் பெட்டியில் வைத்திருப்போம் என்று சொந்தபந்தம் மொத்தமும் சொன்னது. 'என்னை அந்தப் பொட்டியில போட்டு நடுங்க வைக்காதீங்க' என்று அம்மா உயிரோடு இருந்தபோது பல தடவை சொல்லியிருந்தாள். மங்கை யார் பேச்சையும் கேட்காமல் தத்தனேரிச் சுடுகாட்டுக்குப் போய்த் தானே கொள்ளி வைத்தாள். சொக்கன் வந்து சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது. அம்மா சொன்னதைச் செய்தேன் என்பாள் அவள். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை என்பான் அவன். இரண்டும் உண்மையாக இருந்ததால் சண்டை முடிகிற வழியைக் காணோம்.

காலையில் மணலில் இறங்குவதற்காக டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, சொக்கன் வண்டியின் கூரையில் சாமான் கட்டும் கம்பி விரிசல் விட்டிருப்பது தெரிந்தது. அதிலிருந்த தண்ணீர்க் கேன்களை எல்லாம் மங்கையின் வண்டிக்கு மாற்றினார்கள். கடைசிக் கேனை வைத்துவிட்டு, "தண்ணி பூரா இதுல இருக்கு" என்று சொக்கன் சொன்னான். அக்காவைப் பார்த்து அல்ல, வண்டியின் பின்கதவைப் பார்த்து. ஆறு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் வாக்கியம் கதவுக்குப் போய்விட்டதே என்று மங்கைக்கு ஆத்திரமாக வந்தது.

கிளியர் என்ற கருவி இல்லாமல் இப்போதெல்லாம் யாரும் மணலில் இறங்குவதில்லை. வண்டியின் முன்கண்ணாடி, பின்பார்வைக் கண்ணாடி, ரேடியோ மூன்றிலும் அது உட்கார்ந்திருக்கும். தூசியை அழித்துவிட்டு வழியைக் காட்டும். இரைச்சலை அழித்துவிட்டுக் குரலைத் தரும். நடுவில் எங்காவது படமோ குரலோ விட்டுப்போய் ஓட்டை விழுந்தால் தானாக ஊகித்து அடைத்துவிடும். அப்படி அடைக்கும்போது ஒரு மணி அடிக்க வேண்டும். மணல்காற்றில் அந்த மணி ஓயாமல் அடித்து உயிரை வாங்குகிறது என்று ஜெய்லானி பாய் போன வருஷமே சலித்துக்கொண்டார். கிளியர் பொருத்தும் கடையில் வேலை பார்க்கும் அமலன் எல்லா வண்டியிலும் மணியை நிறுத்திக் கொடுத்தான். "நமக்குத்தான் ஆஜர் இருக்கே, மணி எதுக்கு?" என்று பாய் சொல்லிவிட்டார்.

ஆஜர் என்பது அவர்கள் கூட்டத்தின் வழக்கம். அவ்வப்போது பாய் ரேடியோவில் "ஒண்ணு போகுது!" என்பார். இரண்டாவது வண்டி "ரெண்டு வருது!" என்று சொல்லும். மூன்றாவது, "மூணு மொத்தமா வருது!" என்று முடிக்கும். முதலில் யாரோ வேடிக்கைக்குச் சொன்னது, வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லித் தேய்ந்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதே பாட்டாக ஆகியிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காற்று கிளம்பியது. வெளியே வானமும் மணலும் ஒன்றாகக் கலங்கிப்போயிருந்தன. கண்ணாடிக்குள் மட்டும் பளிச்சென்ற பகல். இடதுபக்கம் உப்பளம் வெள்ளை வெளேரென்று நீண்டுகிடந்தது. அதன் ஓரமாக வளைந்து போய்க்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ரேடியோவில் குரல் வந்தது.

"அக்கா."

மங்கைக்கு ஸ்டியரிங் கைநழுவப் பார்த்தது. "சொல்லுடா."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஏன்க்கா காத்திருக்கல?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். உப்பளத்தைத் தாண்டும்வரை சொன்னாள், செம்மணல் மேடுகளில் ஏறி இறங்கும்போதும் சொன்னாள். அம்மா ஆஸ்பத்திரியில் பட்ட பாடு, ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்த ஆட்கள், அதைப் பார்த்ததும் தனக்கு வந்த நடுக்கம். தம்பி அங்கங்கே "ம்" கொட்டிக்கொண்டு வந்தான். பெரிய மணல்குன்றின் அடிவாரத்துக்கு வந்தபோது அவன் அழுகிற சத்தம் கேட்டது.

"விடுக்கா. நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அம்மா நடுங்காமப் போனாளே, அது போதும்."

மங்கை வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். கண்ணாடியில் தம்பியின் வெள்ளை வண்டி குலுங்கிக் குலுங்கி வந்துகொண்டிருந்தது. நடுவில் பாய் ஆஜர் கேட்டார், "மூணு மொத்தமா வருது!" என்று சொக்கன் சொன்னதில் பழைய துள்ளல் இருந்தது. ஆறு வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

குன்றைச் சுற்றி மறுபக்கம் போனதும் காற்று தணிந்தது. தேநீர் போடுவதற்காகப் பாய் வண்டியை நிறுத்தினார். மங்கை கதவைத் திறந்து குதித்துத் தம்பியை நோக்கி ஓடினாள்.

அங்கே வண்டி இல்லை.

மணலில் பாயின் சக்கரத்தடம் இருந்தது, அதன்மேல் அவளுடைய தடம் இருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. எங்கேயாவது ஒதுங்கி நிற்கிறானோ என்று சுற்றிலும் பார்த்தாள். குழம்பிப்போய்த் திரும்பி வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் வெள்ளை வண்டி நின்றுகொண்டிருந்தது. உள்ளே சொக்கன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். மறுபடி தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். வெறும் மணல். தலையை உள்ளே இழுத்தாள். வண்டி இருந்தது. தனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

"டீயாக்கா? பாய்கிட்ட எனக்குச் சீனி கம்மியாப் போடச் சொல்லு" என்றது ரேடியோ.

அவள் போட்ட கூச்சலில் பாயும் அமலனும் ஓடிவந்தார்கள். பாய் அவள் வண்டிக்குள் குனிந்து கண்ணாடியைப் பார்த்தார், நிமிர்ந்து மணலைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். "யா அல்லாஹ்" என்று அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அமலன் முகத்தில் ஈயாடவில்லை.

"இது கிளியர் அடைச்சதுக்கா" என்றான் அமலன். "அண்ணன் வண்டி எங்கயோ பிரிஞ்சிருக்கு. சிக்னல் போயிருக்கு. வருவாருன்னு அது ஊகிச்சுப் படம் காட்டுது."

"படம் சரிடா, பேசினானே! அழுதானே!"

"அதுவும்தாக்கா. அவரு குரலு, பேசுற தினுசு எல்லாம் அதுக்குத் தெரியும். நீங்க சொன்னதை வச்சே பதிலைப் பின்னிக்கிடும். ஓட்டுதவங்க பதறக் கூடாது, அதுதான் அதோட வேலை. அதனால எப்பவும் இதமாத்தான் பேசும்."

"ஆஜர் சொன்னானேப்பா" என்றார் பாய்.

"ஆஜர்தான் பாய் அதுக்கு இருக்கதுலயே சுலபம்."

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான் மணிய நிறுத்தச் சொன்னேன்."

"நான்தான நிறுத்துனேன்" என்றான் அமலன், அழுகிற குரலில்.

பாயிடம் சாட்டிலைட் போன் இருந்தது. மீட்புப் படைக்காரர்களிடம் பேசினார். தூசி அடங்காமல் ஹெலிகாப்டர் எழும்பாது, விடிந்துதான் வரமுடியும், நீங்கள் தேடுவதென்றால் இருட்டுவதற்குள் தேடிவிட்டு ஒரே இடத்தில் நின்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர் முழுக்க மங்கையின் வண்டியில் இருந்தது. சொக்கனிடம் ஒரு பாட்டில் இருந்தால் அதிகம். மணலில் சிக்கிய வண்டியைத் தோண்டி எடுக்க முயன்றால் அது அரைமணியில் தீர்ந்துபோகும்.

"எந்த இடத்துல பிரிஞ்சான்னு அது சொல்லாதா?" என்று கேட்டாள்.

"அதுக்கே தெரியாதுக்கா. எது கேட்டது, எது அடைச்சதுன்னு பிரிச்சு வச்சுக்கிடாது. வச்சா மணிச்சத்தத்துல ஊரே நின்னுரும்." அமலன் தயங்கிவிட்டுச் சொன்னான். "ஊருல டவர் சரியில்லாத இடத்துல போன்லகூட இதான் ஓடுது. கஸ்டமர் யாரும் குறை சொன்னதில்ல. வீட்டுல சண்டை குறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுதாங்க."

பாய் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். "முந்தாநேத்து எம் வீட்டுக்காரி போன்ல எங்கூட ரொம்ப நேரம் சிரிச்சுப் பேசுனா. கல்யாணம் ஆன புதுசுல பேசுன மாதிரி" என்றார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வந்த வழியின் வரைபடம் வண்டியில் பத்திரமாக இருந்தது. எந்தப் பேச்சு எந்த இடத்தில் நடந்தது என்று மங்கைக்கு நன்றாக நினைவிருந்தது. கேள்வி கேட்டது உப்பளத்து ஓரத்தில். அவன் அழுதது குன்றின் அடிவாரத்தில். கடைசியாக நிஜ சொக்கன் பேசியது எதுவோ, அதற்குப் பிறகுதான் பிரிந்திருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் தேடுவதற்கு வெளிச்சம் போதாது.

"அடிவாரத்துலதான் தேடணும்" என்றார் பாய். "அவன் அழுததை நானும் ரேடியோவுல கேட்டேன் தங்கச்சி. மனுசன் அழுறதுக்கும் மிசின் அழுறதுக்கும் வித்தியாசம் தெரியாதா? அது சொக்கன்தான். அங்கிட்டு, குன்றைச் சுத்துறப்பத்தான் மாறிப் போயிருப்பான்."

மங்கைக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அடிவாரம் பக்கத்தில்தான் இருக்கிறது. அவன் அங்கே இருந்தால் அவன் சொன்னதும் இருக்கிறது. உப்பளத்தில் பிரிந்தவன் என்றால் அந்த வார்த்தையும் இல்லை, அந்த அழுகையும் இல்லை. மத்தியானம் முழுக்கக் கண்ணாடியோடு பேசிவிட்டு வந்த பைத்தியக்காரி ஆகிவிடுவாள்.

அவள் ரேடியோவை எடுத்தாள். "சொக்கா, இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"நான் செஞ்சது சரியாடா?"

"சரிதான்க்கா. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

அதே குரல். அந்தக் கரகரப்பு, 'மனசுல' என்பதில் வரும் அழுத்தம்கூட அவனுடையதுதான். மங்கை அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். எதுவோ இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை.

பிறகு பிடிபட்டது. அவள் அத்தனை நேரம் அம்மாவைப் பற்றிப் பேசினாள். நடுவில் அவன் ஒரு தடவைகூட, 'ஏன்க்கா, வீடியோவுலயாச்சும் ஒரு தடவ மூஞ்சியக் காட்டியிருக்கலாம்ல?' என்று கேட்கவில்லை. விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவன். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவள் ஆறு வருஷமாக அவன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மா இறந்த அன்றைய குழப்பத்தில் வீடியோவில் காட்ட அவளுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் நிஜம். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை. நிஜ சொக்கனாக இருந்தால் அதைக் கேட்காமல் விட்டிருக்கவே மாட்டான். கேட்டிருப்பான், கத்தியிருப்பான், ரேடியோவைத் தூக்கி எறிந்திருப்பான்.

"உப்பளத்துக்குப் போகணும் பாய்" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க. தப்பாப் போச்சுன்னா மறுபடி திரும்ப வெளிச்சம் இருக்காது."

"என்னய மன்னிச்சவன் எந்தம்பி இல்ல."

அமலன் இரண்டு வண்டியிலும் கிளியரின் ஃபியூஸைப் பிடுங்கிப் போட்டான். பின்பார்வைக் கண்ணாடி கறுத்துப்போயிற்று. முன்கண்ணாடி அழுக்கும் கீறலுமாக வெறும் கண்ணாடியாகிவிட்டது. முதல் வண்டியில் பாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு ஓட்டினார். மங்கையும் அப்படியே ஓட்டினாள். வாய், காது, கண் எல்லாம் மணல். ஒரு மேட்டைத் தாண்டினால் தாங்கள் வந்த தடம் தெரிந்தது, அடுத்த மேட்டில் காற்று அதை அழித்திருந்தது. சரியான வழியில்தான் போகிறோமா என்று இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தார்கள். தப்பான முடிவெடுத்துத் தம்பியைக் கொன்றுவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே அவள் ஓட்டினாள்.

உப்பளம் வந்தபோது சூரியன் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே செம்மண் நிறத்தில் நின்றது. வளைந்து வந்த ஓரத்தில் யாரும் இல்லை. பாய் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். மங்கை வண்டியின் மேலேறி நின்று பார்த்தாள். தூரத்தில், உப்பளத்துக்கு உள்ளே, வெள்ளையில் ஒரு வெள்ளை. வண்டியா, உப்பா, கானலா என்று ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கு முழுக்க ஏமாந்த கண்ணை அவள் நம்பத் தயாராக இல்லை. "அமலா, உனக்கும் தெரியுதா? பாய், உங்களுக்கு?" என்று எல்லோரிடமும் கேட்டாள். எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டு கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். உப்பின் மேல்தோல் காலடியில் நொறுங்கியது, அடியில் சேறு கொழகொழத்தது. சொக்கனின் வண்டி முன்சக்கரங்கள் இரண்டும் பாதி புதைந்து, மூக்கு குத்தி நின்றது. அதன் நிழலில் அவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. அவர்கள் வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. மங்கை பக்கத்தில் போனதும் கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டுப் பார்த்தான். அழுத்திப் பார்த்தான்.

"நிஜம்தான்டா" என்றாள் மங்கை. அவளும் அவன் தோளைப் பிடித்துப் பார்த்தாள்.

சொக்கன் கேனை வாயில் கவிழ்த்துத் தண்ணீர் குடித்தான். பாய் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அமலன் சக்கரத்தடியில் கையால் தோண்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இன்னும் பத்தடி போயிருந்தீங்கன்னா வண்டியே உள்ள போயிருக்கும்" என்றான்.

"தெரியும்" என்றான் சொக்கன். "முன்னால அக்கா வண்டி நல்லா ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, ரோட்டுல போற மாதிரி. நானும் அது பின்னாடியே போனேன்."

"அப்புறம் எப்படிறா நின்ன?" என்று கேட்டாள் மங்கை.

சொக்கன் கேனின் மூடியைத் திருகி மூடினான். "ஏன் காத்திருக்கலைன்னு கேட்டேன்ல. உடனே நீ அழ ஆரம்பிச்சுட்ட. தப்பு எம்மேலதான்டா, என்னய மன்னிச்சுரு, நான் காத்திருந்திருக்கணும்னு சொன்ன." அவன் சிரிக்கப் பார்த்தான், வெடித்த உதடு வலித்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டான். "எங்க அக்கா செத்தாலும் அப்படிச் சொல்ல மாட்டாளேன்னு தோணுச்சு. அப்பவே பிரேக்க மிதிச்சேன். இறங்கிப் பாத்தா முன்னாடி ஒருத்தரும் இல்ல."

அப்படியானால் உப்பளத்தைத் தாண்டுவதற்குள்ளேயே அவன் கண்டுபிடித்துவிட்டான். மங்கை செம்மணல் மேடுகளில் ஏறி இறங்கிப் பேசிக்கொண்டே போனபோது அவன் இங்கே ஒற்றையாக உட்கார்ந்திருந்திருக்கிறான்.

"நீ எப்பக்கா கண்டுபிடிச்ச?" என்று கேட்டான் சொக்கன்.

அவள் ஒரு பொய்யைத் தேடினாள். சிக்னல் விட்டுவிட்டு வந்தது, சந்தேகமாகவே இருந்தது என்று ஏதாவது சொல்லிவிடலாம். பாயும் அமலனும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

"நான் நம்பிட்டேன்டா" என்றாள். "வண்டிய விட்டு இறங்குறவரைக்கும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நான் என்ன சொன்னேனாம்?"

"என்னய மன்னிச்சுட்டேன்னு சொன்ன."

சொக்கன் அவளை நிமிர்ந்து பார்த்தான். காலையிலிருந்து அவன் அவள் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மணல் அப்பி, கண்ணீர் ஓடிய கோடு காய்ந்துபோன அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அதுக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்க்கா."

"ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, மங்கை அவனைத் தூக்கிவிடக் கையை நீட்டினாள்.